செஸ்ஸில் டிரா: சமபலம் உள்ள இருவர் ஆடும்போது எழும் கேள்விகள்

யாரும் வெல்லாமல் ஆட்டம் முடிந்து இருவருக்கும் அரைப் புள்ளி கிடைப்பதே டிரா. இங்கே சொல்லும் விதிகள் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள். வெள்ளையின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இடமிருந்து வலமாக நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்கள்.

ஓர் ஆட்டம் எந்தெந்த வழிகளில் டிரா ஆகும்?

முதலில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: தானாக முடிபவை, கேட்டு வாங்க வேண்டியவை. கையில் இருந்த அரைப் புள்ளியைத் தவறவிடுபவர்களில் பலர் இந்த வேறுபாட்டில்தான் சறுக்குகிறார்கள்.

தானாக முடிபவை:
- ஸ்டேல்மேட். நகர்த்த வேண்டியவருக்கு விதிப்படி ஒரு நகர்த்தலும் இல்லை, ராஜாவுக்கு செக்கும் (ராஜா மீது நேரடித் தாக்குதல்) இல்லை.
- இரு தரப்பாலும் எப்படி ஆடினாலும் மேட் (தப்ப வழியில்லாத செக்) செய்ய முடியாத நிலை. ராஜாவுக்கு எதிராக ராஜா, ராஜாவும் ஒரு பிஷப்பும், ராஜாவும் ஒரு குதிரையும் ஆகியவை இதில் அடங்கும். சிப்பாய்கள் முற்றிலும் முட்டிக்கொண்டு, இரு ராஜாக்களும் உள்ளே நுழைய வழியே இல்லாத நிலையும் இதுதான்.
- ஒரே நிலை 5 முறை வருவது.
- சிப்பாய் நகராமல், காய் எதுவும் வெட்டப்படாமல் இரு தரப்பும் தலா 75 நகர்த்தல்களை முடிப்பது. 75ஆவது நகர்த்தலே மேட் என்றால் மேட்டுக்குத்தான் முதலிடம்.

கேட்டு வாங்க வேண்டியவை: ஒரே நிலை 3 முறை வருவதும், 50 நகர்த்தல் விதியும். நீங்கள் கேட்காவிட்டால் ஆட்டம் தொடரும். நடுவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் வாய் திறக்க மாட்டார்; திறக்கவும் கூடாது.

இவை போக, இருவரும் பேசி ஒப்புக்கொள்ளும் டிரா.

இருவரும் சமபலம் என்றால் டிராதான் இயல்பான முடிவா?

சமபலம் மட்டும் போதாது. ஆட்டத்தின் தரமும் உயர்ந்திருக்க வேண்டும். புதிதாகக் கற்றுக்கொண்ட இருவர் எவ்வளவு சமமாக இருந்தாலும் டிரா அரிதாகவே வரும். ஒருவர் ராணியை விடுவார், அடுத்தவர் யானையை விடுவார், கடைசியாகத் தவறு செய்தவர் தோற்பார். வீரரின் பலத்தை ரேட்டிங் என்ற எண்ணாகச் சொல்லும் எலோ கணக்கும் இதற்கு முரணல்ல. சம ரேட்டிங் உள்ள இருவருக்கு ஓர் ஆட்டத்தில் எதிர்பார்ப்புப் புள்ளி தலா 0.5. இரண்டு ஆட்டங்களில் ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்றாலும் சராசரி அதே 0.5, இரண்டு டிரா என்றாலும் அதே 0.5.

தரம் ஏற ஏற டிரா கூடுவதற்கான காரணம் எளிது. செஸ்ஸில் வெல்லச் சிறிய சாதகம் போதாது. ஒரு சிப்பாய் அதிகம் இருந்தும் வெல்ல முடியாத இறுதிநிலைகள் (சில காய்களே மிஞ்சிய நிலைகள்) ஏராளம். வெள்ளைக்கு முதல் நகர்த்தல் தரும் அனுகூலமும் சிறியதுதான்; பெரிய ஆட்டத் தொகுப்புகளில் வெள்ளை எடுக்கும் புள்ளிகள் 54, 55 விழுக்காட்டை ஒட்டியே இருக்கின்றன. தற்காப்பவர் ஒரு சிறு தவறு செய்தாலும் டிரா எல்லைக்குள்ளேயே நிற்கலாம். இரண்டாவது தவறும் வந்தால்தான் பெரும்பாலும் ஆட்டம் கைமாறும்.

டிரா கேட்கும் சரியான முறை என்ன?

வரிசை முக்கியம்: பலகையில் நகர்த்துங்கள், டிரா கேளுங்கள், பிறகு கடிகாரத்தை அழுத்துங்கள். எதிராளி தன் நேரத்தில் யோசிப்பார். கேட்டதை இருவரும் நகர்த்தல்களை எழுதும் தாளான ஸ்கோர் ஷீட்டில் (=) என்று குறிக்க வேண்டும்.

"டிரா?" என்று தெளிவாகக் கேளுங்கள். வெறுமனே கையை நீட்டாதீர்கள். நீட்டிய கையை ஒருவர் டிரா என்றும், மற்றவர் தோல்வியை ஒப்புக்கொண்டதாகவும் எடுத்துக்கொண்டு நடுவரிடம் போவது வழக்கமாக நடக்கும் சண்டை.

எதிராளி ஏற்கலாம், வாயால் மறுக்கலாம், அல்லது நகர்த்தும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொட்டாலே மறுத்ததாகிவிடும். கேட்ட டிராவைத் திரும்பப் பெற முடியாது. "அந்தக் குதிரையை வெட்டாவிட்டால் டிரா" என்று நிபந்தனையும் போட முடியாது.

எதிராளி நகர்த்தாமலேயே டிரா கேட்கிறார். உடனே பதில் சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. "முதலில் நகர்த்துங்கள்" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அவர் கேட்டது செல்லும், ஆனால் அவர் நகர்த்தலைப் பார்த்த பிறகு நீங்கள் முடிவு செய்யலாம். அந்த நகர்த்தல் மோசமாக இருந்தால் மறுத்துவிட்டு ஆடுங்கள்.

உங்கள் நேரம் ஓடும்போது அவர் கேட்டாலோ, நீங்கள் மறுத்த பிறகும் நகர்த்தலுக்கு நகர்த்தல் கேட்டாலோ, அது தொந்தரவு என்ற வகையில் வரும். கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழையுங்கள்.

ஒரே நிலை மூன்று முறை என்பதை எப்படி எண்ணுவது?

டிரா விதிகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

எண்ண வேண்டியது நகர்த்தல்களை அல்ல, நிலையை. அடுத்தடுத்து வர வேண்டும் என்பதும் இல்லை. 24ஆவது, 31ஆவது, 40ஆவது நகர்த்தல்களுக்குப் பிறகு அதே நிலை வந்தாலும் செல்லும். 1971இல் பெட்ரோசியனும் ஃபிஷரும் மோதிய உலகச் சாம்பியன் தகுதிச்சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் பெட்ரோசியனின் நிலையே நன்றாக இருந்தது. அவர் ஒரே நிலை மூன்றாம் முறை வர இடம் கொடுத்துவிட்டார். ஃபிஷர் டிரா கேட்டுப் பெற்றார்.

எளிய உதாரணம். இரு தரப்பும் ராஜா பக்கக் குதிரையை எஃப் வரிசைக்குக் கொண்டுவந்து, திரும்ப எடுத்து, மறுபடியும் கொண்டுவந்து, மறுபடியும் எடுத்தால், கறுப்பின் 4ஆவது நகர்த்தலோடு தொடக்க நிலை மூன்றாம் முறை வந்துவிடும். ஆட்டம் தொடங்கியபோது இருந்ததே முதல் முறை. அதை எண்ணாமல் விடுபவர்கள் ஒரு சுற்று வீணாக ஆடுவார்கள்.

இரண்டு நிலைகள் "ஒன்றே" ஆக, அதே வகை, அதே நிறக் காய்கள் அதே கட்டங்களில் இருக்க வேண்டும். நகர்த்த வேண்டியவரும் அவராகவே இருக்க வேண்டும். எல்லாக் காய்களுக்கும் உள்ள வாய்ப்புகளும் மாறாதிருக்க வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் சிக்கல். முதல் முறை நிலை வந்தபோது கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்துவது) உரிமை இருந்தது, பிறகு ராஜா ஒரு கட்டம் நகர்ந்து திரும்பி வந்தது என்றால், பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் விதிப்படி அது வேறு நிலை. முதல் முறையில் ஆன் பசான் வெட்டு (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயை உடனே பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) சாத்தியமாக இருந்திருந்தாலும் அப்படியே.

கேட்கும் முறை:
1. உங்கள் முறையாக இருக்க வேண்டும்.
2. உங்கள் நகர்த்தலால்தான் மூன்றாம் முறை வரப்போகிறது என்றால், அதைப் பலகையில் ஆடாதீர்கள். ஸ்கோர் ஷீட்டில் மட்டும் எழுதுங்கள். எழுதியதை மாற்ற முடியாது.
3. கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைத்து, "இந்த நகர்த்தலோடு மூன்றாம் முறை" என்று சொல்லுங்கள்.
4. எதிராளி நகர்த்தியதால் மூன்றாம் முறை ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் எதையும் எழுத வேண்டாம், தொடவும் வேண்டாம். நேராகக் கேளுங்கள்.

காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலில் கேட்கும் உரிமை போய்விடும். நகர்த்தி, கடிகாரத்தையும் அழுத்திவிட்டு "இப்போது மூன்றாவது முறை ஆயிற்றே" என்பது செல்லாது. அப்போது கேட்கும் உரிமை எதிராளிக்கு.

கேட்டது தவறென்று தெரிந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். பிளிட்ஸ் என்ற மிக வேகமான ஆட்டத்தில் 1 நிமிடம். எழுதிய நகர்த்தலையும் ஆடியாக வேண்டும். இப்படிக் கேட்பதே டிரா கேட்டதாகவும் கணக்காகும், ஆகவே கணக்கு சரிபார்க்கும் முன்பே எதிராளி "சரி" என்று சொல்லி முடித்துவிடலாம்.

தொடர் செக் தனி விதியா?

இல்லை. நிறுத்தாமல் செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் நிலை மூன்று முறை வரும், அல்லது எதிராளியே சலித்து ஒப்புக்கொள்வார். தொடர் செக் என்பதற்காக மட்டும் நடுவரிடம் டிரா கேட்க முடியாது.

50 நகர்த்தல் விதியில் எது கணக்கு?

இரு தரப்பும் தலா 50. இடையில் ஒரு சிப்பாய் நகர்ந்தாலோ, ஒரு காய் வெட்டப்பட்டாலோ கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். செக் கொடுப்பதால் கணக்கு மாறாது.

நடைமுறையில் இது அதிகம் வருவது, யானையும் பிஷப்பும் ஒரு யானைக்கு எதிராக ஆடும் நிலையில். கோட்பாட்டின்படி அது பெரும்பாலும் டிரா, ஆனால் தற்காப்பது கடினம். அதனால் பலசாலித் தரப்பு 50 முடியும்வரை விடாது. 1989இல் பெல்கிரேடில் நிகோலிச், அர்சோவிச் ஆடிய 269 நகர்த்தல் டிராவும் இந்தக் காய்களோடு முடிந்ததுதான். அப்போது இந்த இறுதிநிலைக்கு மட்டும் வரம்பு 100 நகர்த்தல்களாக நீட்டப்பட்டிருந்தது. பிஷப்பும் குதிரையும் கொண்டு மேட் செய்ய, மிக மோசமான தொடக்கத்திலிருந்தும் 33 நகர்த்தல்கள் போதும். 50க்குள் முடியாமல் போனால் குறை விதியில் இல்லை, பயிற்சியில்.

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய டிரா இறுதிநிலைகள் எவை?

*ராஜாவும் சிப்பாயும், தனி ராஜாவுக்கு எதிராக.* வெள்ளை ராஜா எஃப்5, வெள்ளைச் சிப்பாய் இ6, கறுப்பு ராஜா இ7, கறுப்பு நகர்த்த வேண்டும். இ8க்கு நேராகப் பின்வாங்குவது மட்டுமே டிரா. வெள்ளை ராஜா எஃப்6 வந்தால் எஃப்8. டி6 வந்தால் டி8. அதாவது நடுவே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்பது. பிறகு சிப்பாய் செக் கொடுத்தபடி இ7 வரும், ராஜா இ8 போகும், வெள்ளை சிப்பாயைக் காக்க இ6 வந்தால் ஸ்டேல்மேட். முதலிலேயே டி8க்கோ எஃப்8க்கோ போனால் சிப்பாய் செக் இல்லாமல் 7ஆவது வரிசைக்கு வந்துவிடும், ஆட்டம் போயிற்று. இந்த வகை நிலையில் நினைவில் வைக்க எளிய வழி: செக்கோடு 7ஐத் தொட்டால் டிரா, செக் இல்லாமல் தொட்டால் வெற்றி.

*ஓரச் சிப்பாயும் தவறான பிஷப்பும்.* சிப்பாய் எச் வரிசையில் இருந்தால் ராணியாகும் கட்டம் எச்8, கறுப்புக் கட்டம். பிஷப் வெள்ளைக் கட்டத்தில் ஓடுவதென்றால், தற்காக்கும் ராஜா அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்தாலே போதும். வேறெதுவும் செய்ய வேண்டாம். ஒரு காய் குறைவாக இருக்கும்போது எதிராளியின் மற்றச் சிப்பாய்களையெல்லாம் மாற்றி இந்த நிலைக்குக் கொண்டுவருவது பழைய, இன்றும் பலிக்கும் தந்திரம்.

*யானை இறுதிநிலை: ஃபிலிடோர் தற்காப்பு.* வெள்ளைக்கு யானையும் ஒரு சிப்பாயும், கறுப்புக்கு யானை மட்டும். வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8 என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு யானையை 6ஆவது வரிசையில் நிறுத்தி அங்கேயே பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளை ராஜாவால் 6ஆவது வரிசைக்குள் நுழைய முடியாது. சிப்பாய் இ6க்கு முன்னேறிய உடனே யானை 1ஆவது வரிசைக்கு இறங்கி, பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்க வேண்டும். சிப்பாய் முன்னேறிவிட்டதால் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை.

இதில் வழக்கமான தவறு அவசரம். சிப்பாய் 6க்கு வரும் முன்பே யானை கீழே இறங்கிவிட்டால் வெள்ளை ராஜா 6ஆவது வரிசையில் உட்கார்ந்துவிடும். பிறகு தற்காப்பு பல மடங்கு கடினம். இன்னொரு தவறு, யானைகளை மாற்றினால் நிம்மதி என்று நினைப்பது. மாற்றும் முன் மேலே சொன்ன சிப்பாய் இறுதிநிலை டிராவா என்று எண்ணிப் பாருங்கள்.

*எதிர்நிறப் பிஷப்கள்.* ஒருவரின் பிஷப் வெள்ளைக் கட்டங்களிலும் மற்றவரின் பிஷப் கறுப்புக் கட்டங்களிலும் ஓடும் நிலை இது. இரண்டு சிப்பாய் குறைவாக இருந்தும் பல நேரம் காப்பாற்றலாம். எதிராளியின் பிஷப் தொட முடியாத நிறக் கட்டத்தில் உங்கள் ராஜாவையோ பிஷப்பையோ வைத்துச் சிப்பாய்களை மறித்துவிட்டால் அவரால் எதுவும் செய்ய இயலாது. ஆனால் பலகையில் யானையோ ராணியோ மிச்சமிருந்தால் கதை தலைகீழ்: தாக்குபவருக்கு ஒரு காய் கூடுதலாக இருப்பதுபோல் ஆகிவிடும். "எதிர்நிறப் பிஷப், டிரா" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது.

*ராணிக்கு எதிராக 7ஆவது வரிசைச் சிப்பாய்.* ராஜாவின் துணையோடு நிற்கும் அந்தச் சிப்பாய் ஏ, எச், சி, எஃப் வரிசைகளில் இருந்து, ராணி வைத்திருப்பவரின் ராஜா தொலைவில் இருந்தால் பொதுவாக டிரா. மற்ற நான்கு வரிசைகளில் ராணி வெல்லும்.

மோசமான நிலையிலிருந்து டிராவைப் பிடுங்க என்ன செய்யலாம்?

சிப்பாய்களை மாற்றுங்கள், காய்களை மாற்றாதீர்கள். எதிராளிக்கு ராணியாக்கச் சிப்பாயே இல்லாமல் போனால் ஒரு குதிரையோ பிஷப்போ கூடுதலாக இருந்து பயனில்லை.

ஸ்டேல்மேட்டைத் தேடுங்கள். உங்கள் ராஜாவுக்கு நகர இடமில்லை, சிப்பாய்கள் முட்டி நிற்கின்றன, மிச்சம் ஒரு யானை மட்டும் ஓடுகிறது என்றால், அந்த யானையை எதிராளி ராஜாவின் பக்கத்திலேயே கொண்டுபோய்ச் செக் கொடுங்கள். வெட்டினால் ஸ்டேல்மேட், வெட்டாவிட்டால் துரத்தலாம். வெல்லும் பக்கம் இருப்பவர் தன் நேரம் குறையும்போது இதைப் பார்க்கத் தவறுவது சர்வ சாதாரணம். உலகச் சாம்பியன்ஷிப்பிலும் ஸ்டேல்மேட் வந்திருக்கிறது: 1978இல் கோர்ச்னோய், கார்ப்போவ் ஆடிய 5ஆவது ஆட்டம் 124 நகர்த்தல்களுக்குப் பிறகு அப்படித்தான் முடிந்தது.

நேரம் தீர்ந்தால் தோல்விதானா?

பொதுவாக ஆம். எதிராளியால் எந்த நகர்த்தல் வரிசையாலும் மேட் செய்ய முடியாது என்றால் மட்டும் டிரா. இங்கே "வலுக்கட்டாயமாக மேட்" என்று விதி சொல்லவில்லை. நீங்களே உதவி செய்தாலும் சாத்தியமில்லை என்று இருக்க வேண்டும். உங்களிடம் ராஜாவும் சிப்பாயும், எதிராளியிடம் ராஜாவும் ஒரு பிஷப்பும் என்றால், உங்கள் நேரம் தீர்ந்தால் தோல்வி. இரண்டு குதிரைகளுக்கு எதிராகத் தனி ராஜா வைத்திருப்பவரின் நேரம் தீர்ந்தாலும் தோல்விதான், அங்கே வலுக்கட்டாயமாக மேட் செய்ய முடியாது என்றாலும்கூட. சில இணையதளங்கள் இதை வேறு மாதிரி தீர்ப்பதால் அங்கே பழகியவர்கள் பலகைப் போட்டியில் அதிர்ந்துபோவார்கள். மூன்று முறை விதியும் அப்படியே: சில தளங்களில் டிரா தானாக விழும், சிலவற்றில் பொத்தானை அழுத்திக் கேட்க வேண்டும்.

எதிராளி டிரா கேட்டால் ஏற்பதா, மறுப்பதா?

மூன்றைப் பாருங்கள்: நிலை, நேரம், புள்ளி நிலவரம். இவற்றில் நிலையைப் பற்றித்தான் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். "அவர் ஏன் கேட்கிறார்?" என்பதும் நல்ல கேள்வி. தனக்கு ஆபத்து தெரிந்ததால் கேட்பவர்கள் நிறைய.

ரேட்டிங் கணக்கு: சம ரேட்டிங் என்றால் டிராவில் யாருக்கும் மாற்றமில்லை. உங்கள் கே மதிப்பு (ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 20 ஆக இருந்து, 100 புள்ளி மேலே உள்ளவரோடு டிரா செய்தால் 2.8 கூடும், 200 மேலே என்றால் 5.2.

நிலை சமம், உங்களுக்கு ஆபத்தே இல்லை, எதிராளிதான் கவனமாக ஆட வேண்டும் என்றால் மறுத்துத் தொடருங்கள் என்பதே நம் பரிந்துரை. 2024 உலகச் சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம் இதற்குச் சான்று. குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், இருவரிடமும் ஒரு யானையும் ஒரே நிறப் பிஷப்பும். சரியாக ஆடினால் டிரா. குகேஷ் விடாமல் ஆடினார். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையை எஃப்2க்குக் கொண்டுபோய் யானை மாற்றத்துக்கு வழிவிட்டார். மூலையில் சிக்கியிருந்த அவருடைய பிஷப்பும் கட்டாயமாக மாற்றப்பட, மிஞ்சியது தோற்ற சிப்பாய் இறுதிநிலை. குகேஷ் 7.5–6.5 என்று சாம்பியன் ஆனார்.

கறுப்புக் காயோடு டிரா போதும் என்று ஆடுவது சரியா?

திட்டமாகச் சரி, மனநிலையாக ஆபத்து. 2000 உலகச் சாம்பியன்ஷிப்பில் கிராம்னிக், காஸ்பரோவுக்கு எதிராக பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க ஆட்டத்தைக் கையில் எடுத்தார். ராணிகள் சீக்கிரமே மாறிவிடும், கறுப்பு ராஜா கேஸ்லிங்கை இழந்தாலும் நிலை உறுதியானது. 15 ஆட்டங்களில் காஸ்பரோவால் ஒன்றைக்கூட வெல்ல முடியவில்லை. ஆனால் கிராம்னிக் ஒதுங்கி நிற்கவில்லை, அந்த இறுதிநிலையை எதிராளியைவிட ஆழமாகத் தெரிந்துவைத்திருந்தார்.

பலர் செய்வது வேறு. காய்களை மாற்றுவதே வேலை என்று ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு நகர்த்தலை எதிராளிக்கு விட்டுக்கொடுப்பார்கள். நான்கு மாற்றம் முடிந்ததும் பலகை காலியாக இருக்கும், எதிராளியின் காய்கள் மட்டும் நடுவில் நிற்கும். பிரெஞ்சு தற்காப்பு என்ற தொடக்க ஆட்டத்தில் வெள்ளை டி5இல் சிப்பாயை மாற்றிக்கொள்ளும் வரிசையில் இ வரிசை மட்டுமே திறப்பதால் யானைகள் அங்கே மாறி டிரா ஆவது வழக்கம். அங்கேயும் சோம்பேறித்தனமாக ஆடினால் தோற்கலாம்.

இவ்வளவு டிராவைப் போட்டி நடத்துபவர்கள் பொறுத்துக்கொள்கிறார்களா?

பலர் பொறுப்பதில்லை. 1984இல் தொடங்கிய கார்ப்போவ்–காஸ்பரோவ் உலகச் சாம்பியன்ஷிப் மோதல் 48 ஆட்டங்கள் நீண்டு, 40 டிரா ஆகி, 1985 பிப்ரவரியில் முடிவில்லாமல் நிறுத்தப்பட்டது. 2018 உலகச் சாம்பியன்ஷிப்பில் கார்ல்சன், கருவானா ஆடிய 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களும் டிரா. குறைந்த நேர ஆட்டமான ரேபிட்டில்தான் கார்ல்சன் வென்றார்.

அதனால் பல ஏற்பாடுகள் வந்தன. சில போட்டிகளில் குறிப்பிட்ட நகர்த்தல்களுக்கு முன் நடுவரின் சம்மதமின்றி டிரா பேசக் கூடாது. 2005இல் சோஃபியா போட்டியில் வீரர்கள் நேரடியாக டிரா கேட்பதே தடை செய்யப்பட்டது. பில்பாவோவில் 2008இல் வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்று புள்ளி கொடுத்தார்கள். நார்வே செஸ்ஸில் 2019 முதல் கிளாசிக்கல் டிரா ஆனால் உடனே ஆர்மகெடான்: வெள்ளைக்கு நேரம் அதிகம், ஆனால் டிரா ஆனால் கறுப்பு வென்றதாகக் கணக்கு.

உங்கள் போட்டியில் எந்த விதி என்பதை முதல் சுற்றுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டியே பேசிவைத்து டிரா ஆடுவது எங்கேயுமே குற்றம்.

டிரா ஆனதும் என்ன செய்ய வேண்டும்?

கடிகாரத்தை நிறுத்துங்கள். இரண்டு ஸ்கோர் ஷீட்டிலும் ½–½ என்று எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மின்னணுப் பலகை என்றால் இரு ராஜாக்களையும் நடுவிலுள்ள நான்கு கட்டங்களில், ஒன்றை வெள்ளைக் கட்டத்திலும் மற்றதைக் கறுப்புக் கட்டத்திலும் வையுங்கள், உதாரணமாக இ4, இ5. இரண்டையும் வெள்ளைக் கட்டங்களில் வைத்தால் பலகை வெள்ளை வென்றதாகப் பதிவு செய்துவிடும். காய்களை அடுக்கிவிட்டு எழுந்துபோகும் முன், முடிவுத் தாளில் உங்கள் பெயருக்கு நேராக அரைப் புள்ளி ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; அடுத்த சுற்றின் ஜோடி போட்ட பிறகு திருத்துவது பெரும் தலைவலி.